பனிமலை வெண்மலர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, மத்தியதரைக் கடற்கரையை அடுத்துத் தொடங்கி வியன்னா நகரத்தின் அருகு வரையில், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவுக்கு வில்லைப்போல் வளைந்து கிடக்கிறது ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களும் கோதுமை வயல்களும் செழித்திருக்கும். மேலே ஏற ஏற அகன்ற இலை மரங்கள் குறைந்து, ஊசியிலை மரங்கள் மிகும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தை எட்டியதும் மரங்களே இல்லாமற்போகும். அதற்கு அப்பால் புல்லும் கல்லுந்தான். அதற்கும் மேலே என்றும் உருகாத பனி.

மரங்கள் அஞ்சி நின்றுவிட்ட அந்த எல்லைக்கு மேலே, ஒரு சாண் உயரங்கூட இல்லாத சிறு செடியொன்று அஞ்சாமல் நிற்கிறது. கோடையில் அதன் தலையில், வெண்பட்டால் வெட்டி ஒட்டினாற்போன்ற விண்மீன் வடிவ மலர் ஒன்று விளங்குகிறது. அதுதான் ‘எடல்வைஸ்’ என்னும் மலைமலர். மன்னரும் மக்களும் போற்றிய மலர் அது. ஆயினும் அப்போற்றுதலாலேயே அழிவின் விளிம்பு வரை சென்று மீண்ட மலரும் அதுவே.

பெயரும் வடிவும்

‘எடல்’ என்னும் ஜெர்மன் சொல்லுக்கு ‘உயர்குணமுள்ள’ என்பது பொருள். ‘வைஸ்’ என்றால் ‘வெண்மை’. எனவே, எடல்வைஸ் என்பதனை ‘மேன்மை வெண்மலர்’ என்று கூறலாம். தாவரவியலறிஞர் இதனை ‘லியோன்டோபோடியம்’ என்னும் இனத்தில் சேர்த்துள்ளனர். இது கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர். ‘சிங்கத்தின் பாதம்’ என்பது அதன் பொருள். மயிரடர்ந்த இம்மலரின் தோற்றம் விலங்கின் மெத்தென்ற பாதத்தை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது போலும்!

சூரியகாந்தியும் செவ்வந்தியும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தைச் சேர்ந்ததே எடல்வைஸ். காண்போர் ‘இதழ்’ என்று கருதும் வெண்பகுதிகள் உண்மையில் இதழ்கள் அல்ல. அவை இலைகளே. மலர்க்கொத்தைச் சூழ்ந்து நிற்கும் இத்தகைய இலைகளைப் பூவடிச் செதில்கள் என்பர். அவற்றின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஐந்தாறு சிறு பொத்தான்கள் நெருங்கியிருக்கும். அப்பொத்தான் ஒவ்வொன்றும் மிக நுண்ணிய பூக்கள் பல திரண்ட ஒரு கொத்து. ஆகவே, ஒரு மலர் என்று கருதப்படுவது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்கள் கூடிவாழும் ஒரு சிற்றூரேயாகும்! தனித்தனியே இருப்பின் எவர் கண்ணிலும் படாத அச்சிறு பூக்கள், ஒன்றாகக் கூடி வெள்ளை இலைகளைக் கொடியாக உயர்த்திப் பூச்சிகளை அழைக்கின்றன. அவ்வுயரத்தில் தேனீக்கள் அரிய. ஈக்களே மிகுதியாக வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன.

இச்செடி ஓராண்டில் முளைத்துப் பூத்து மடிந்துபோவதன்று, பல்லாண்டுச் செடி. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மேற்பகுதி வாடினும், அடிப்பகுதி உயிரோடிருந்து அடுத்த கோடையில் மீண்டும் தளிர்க்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையில் இது பூக்கும் காலம்.

நான்கு பகைவர்

கடல் மட்டத்திற்கு மேல் 1,800 மீட்டர் முதல் 3,000 மீட்டர் வரை உயர்ந்த இடங்களில் எடல்வைஸ் வாழ்கிறது. அங்கே வாழும் செடிக்குப் பகைவர் நால்வர். குளிர், காற்று, வறட்சி, வெயில் என்பனவே அவை.

முதலாவது குளிர். ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி என்னும் அளவில் வெப்பநிலை தாழ்ந்துகொண்டே போகும். ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட காலம் நிலம் பனியால் மூடப்பட்டிருக்கும். இந்நிலையில் செடி எவ்வாறு பிழைக்கிறது? வியப்பு என்னவெனில், பகை என்று கருதப்படும் பனியே அதற்குக் கம்பளியாக அமைகிறது. பனித்துகள்களுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆதலால், வெளியே காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வெகுதூரம் இறங்கினும், ஆழ்ந்த பனியின் அடியில் தரை உறைநிலையை ஒட்டியே நின்றுவிடும. அந்தப் போர்வைக்குள் செடியின் வேரும் அடித்தண்டும் உறங்கிக் கிடக்கும்.

இரண்டாவது காற்று. மரத்தையே நிற்கவொட்டாத மலைக்காற்றின் முன் உயர்ந்து நிற்பது அறிவுடைமையன்று. எடல்வைஸ் செடியின் இலைகள் பெரும்பாலும் தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும். பூத்தண்டும் மூன்று சென்டிமீட்டர் முதல் இருபது சென்டிமீட்டர் வரையிலேயே உயரும். தரையை அடுத்த இடத்தில் காற்றின் வேகம் குறைவு. பகலில் கதிரவனால் சூடேறிய கற்களின் வெப்பமும் அங்கே கிடைக்கிறது. தாழ்ந்து நிற்பதனால் வரும் பயன் இவ்வாறு இரட்டிப்பாகிறது.

மூன்றாவது வறட்சி. மழையும் பனியும் மிகுந்த மலையில் வறட்சி ஏது என்று கேட்கத் தோன்றும். பாறை இடுக்கிலும் சரளைக் கல்லிலும் நீர் தங்குவதில்லை. பெய்த மழை உடனே வடிந்துபோகும். ஓயாமல் வீசும் காற்று இலைகளிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதனைத் தடுக்கவே எடல்வைஸ் தன் உடல் முழுவதும் வெண்மயிர்ப் போர்வை ஒன்றை நெய்துகொண்டிருக்கிறது. பின்னிக் கிடக்கும் அம்மயிர்களுக்கு இடையே அசையாத காற்று ஓர் அடுக்காகத் தங்குவதால், இலையின் ஈரம் விரைந்து வெளியேறுவதில்லை.

நான்காவது வெயில். உயரம் ஏற ஏறக் காற்று மண்டலத்தின் அடர்த்தி குறைகிறது. அதனால் கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு என்னும் அளவில் மிகுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத இக்கதிர்கள் மிகுந்தால் உயிரணுக்களைச் சிதைக்கும். ஆயினும், ஒளியை முற்றிலும் தடுத்துவிட்டால் செடி உணவு ஆக்கிக்கொள்வது எங்ஙனம்? தீய கதிரைத் தடுக்கவும் வேண்டும். நல்ல ஒளியை உள்ளே விடவும் வேண்டும். மனிதன் எளிதில் செய்ய இயலாத இக்காரியத்தை இச்சிறு செடி செய்துவருகிறது.

அது செய்யும் முறையை 2005-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு இயற்பியலறிஞர் சிலர் ஆராய்ந்து வெளியிட்டனர். எடல்வைஸின் வெண்மயிர் ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள, ஒளி ஊடுருவும் இழை. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கே அதன் பருமன். அவ்விழையின் மேற்புறத்தில், அதனினும் பன்மடங்கு நுண்ணிய கோடுகள் நீளவாட்டில் வரிசையாக ஓடுகின்றன. அக்கோடுகளின் அளவு புற ஊதாக் கதிரின் அலைநீளத்தோடு ஒத்து அமைந்திருப்பதால், அக்கதிர்கள் இழைக்குள்ளேயே சிக்கி அடங்கிவிடுகின்றன. இலையின் உயிரணுக்களை அவை சென்றடைவதில்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியோ உள்ளே செல்கிறது. மக்கள் காலங்காலமாக அழகு என்று கண்டு மகிழ்ந்த அந்த வெண்மை, செடிக்கு அணிகலன் அன்று, அது கவசம்.

இவ்வாறு கோடையில் உழைத்துக் குளிரில் உறங்கி வாழும் செடி, தன் இனத்தைப் பெருக்கவும் வழி தேடிக்கொண்டுள்ளது. அதன் விதைகள் மிகச் சிறியன. ஒவ்வொரு விதையின் தலையிலும் மெல்லிய மயிர்க்குஞ்சம் ஒன்றுண்டு. எந்தக் காற்று செடியை வாட்டுகிறதோ, அந்தக் காற்றே விதையைச் சுமந்து சென்று புதிய இடத்தில் சேர்க்கிறது.

கீழ்த்திசையிலிருந்து வந்த மலர்

ஆல்ப்ஸ் மலையின் அடையாளமாகவே எண்ணப்படும் எடல்வைஸ், அம்மலையின் பழங்குடி அன்று என்பது அறிஞர் கருத்து. இவ்வினத்தைச் சேர்ந்த செடிகளுள் மிகப் பெரும்பாலானவை ஆசியாவில், திபெத்து, மங்கோலியா, மேற்குச் சீனம் முதலிய உயர்நிலங்களிலேயே வளர்கின்றன. உலகம் குளிர்ந்து, ஐரோப்பாவின் பெரும்பகுதி பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்த பண்டைக் காலத்தில், மரமற்ற குளிர்ந்த புல்வெளிகள் ஆசியாவிலிருந்து ஐரோப்பா வரை பரந்திருந்தன. அப்புல்வெளிகளின் வழியே எடல்வைஸின் முன்னோர் மேற்கு நோக்கிப் பரவினர். பின்னர் உலகம் வெம்மையடைந்து காடுகள் மீண்டும் வளர்ந்தபோது, திறந்த வெளியும் குளிரும் வேண்டிய இச்செடிகள் மலைமேல் ஏறித் தங்கிவிட்டன.

இதன் உறவினரைக் காண ஆல்ப்ஸ் வரை செல்ல வேண்டுவதில்லை. இமயமலைச் சரிவுகளிலும் எடல்வைஸ் இனச் செடிகள் பூக்கின்றன. நீலகிரிப் புல்வெளிகளில், வெள்ளிய மயிரடர்ந்த இலைகளும், காய்ந்த பின்னும் உதிராத வெண்செதில்களும் உடைய ‘அனாபாலிஸ்’ என்னும் செடிகள் உண்டு. அவையும் எடல்வைஸும் சூரியகாந்திக் குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை. மலைவாழ்வு ஒன்றுபோல் இருந்தால் உடையும் ஒன்றுபோல் அமையும் போலும்!

புகழே பகையாதல்

ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் வாழ்ந்த இடையர்களுக்கு எடல்வைஸ் ஒரு மருந்துச்செடி. வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் கண்டவர்க்கு அதனைப் பாலிலிட்டுக் காய்ச்சித் தேன் கலந்து கொடுத்தனர். வேண்டுமளவு பறித்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவைத்தனர். மலையும் செடியும் மனிதரும் ஒருவர்க்கொருவர் இடையூறின்றி வாழ்ந்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறிற்று. மலைநாட்டுக்குள் இருப்புப்பாதைகள் வந்தன. பெருநகரங்களிலிருந்து செல்வர்கள் கோடைதோறும் ஆல்ப்ஸுக்கு வரலாயினர். மலையேறுதல் வீர விளையாட்டாயிற்று. 1862-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவிலும், 1869-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் மலையேறுவோர் கழகங்கள் தோன்றின. அக்கழகங்கள் எடல்வைஸையே தம் சின்னமாகக் கொண்டன. 1861-ஆம் ஆண்டில் பெர்தோல்டு அவர்பாக் என்னும் ஜெர்மன் எழுத்தாளர் ‘எடல்வைஸ்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். எடல்வைஸைத் தேடிக் கொணர்வது அஞ்சா நெஞ்சத்தின் அடையாளம் என்னும் எண்ணம் எங்கும் பரவிற்று.

அதன் பின்னர் நடந்தவை வருந்தத்தக்கன. தான் விரும்பிய பெண்ணுக்கு இம்மலரைக் கொணர்ந்து கொடுப்பதே காதலின் சான்று என்று இளைஞர் எண்ணினர். செங்குத்தான பாறையில் கால் வழுவி உயிரிழந்தவரும் உண்டு. மலைக்கு வந்து செல்வோர் ஒவ்வொருவரும் தொப்பியில் செருகிக்கொள்ள ஒரு மலர் வேண்டினர். வறிய மலைவாழ் சிறுவர் அதனைப் பறித்துக் கட்டுக் கட்டாக விற்றனர். இம்மலர் காய்ந்த பின்னும் நிறமும் வடிவும் கெடுவதில்லை. எனவே, புத்தகங்களிடையே வைத்துப் பாதுகாக்கவும், அட்டைகளில் ஒட்டி விற்கவும் ஏற்றதாயிற்று. செடிக்கு நன்மையாக இருந்த வாடாத்தன்மையே அதற்குத் தீமையாக முடிந்தது.

இதனினும் பெரிய தீங்கு வேறொன்று இருந்தது. மலரைப் பறித்தால் அவ்வாண்டின் விதை மட்டுமே அழியும். வேர் எஞ்சி மறு ஆண்டு தளிர்க்கும். ஆனால், நகரச் செல்வர்கள் தம் தோட்டங்களில் இச்செடியை வளர்க்க விரும்பினர். அவர்களுக்காகச் செடிகள் வேரோடு பெயர்க்கப்பட்டுக் கூடை கூடையாகக் கீழே இறக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை புதிய மண்ணில் வேரூன்றாமலே மடிந்தன. மடிந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் மலையிலிருந்தே செடிகள் கொணரப்பட்டன.

எடல்வைஸ் இயல்பாகவே செங்குத்துப் பாறையில் மட்டும் வாழும் செடி என்று பலர் இன்றும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கதிரவன் ஒளி படும் கல்லும் புல்லும் கலந்த சரிவுகளே அது விரும்பும் இடம். மனிதன் எளிதில் நடந்து செல்லக்கூடிய அச்சரிவுகளிலிருந்து அது பறித்து ஒழிக்கப்பட்டது. கை எட்டாத பாறைகளில் இருந்தவை மட்டும் எஞ்சின. குளிரும் காற்றும் வறட்சியும் வெயிலும் ஆகிய நான்கு பகைவரை வென்ற செடி, ஐந்தாவதாக வந்த ஒருவனை வெல்ல அறியாது தோற்றது. அவன் பகைவனாக வரவில்லை, அன்பனாக வந்தான்.

சட்டமும் விதையும்

இந்நிலையைக் கண்டு கவன்றோர் சிலர் அப்போதே இருந்தனர். சுவிட்சர்லாந்தின் ஒப்வால்டன் மாநிலம் 1878-ஆம் ஆண்டில் எடல்வைஸை வேரோடு பறிப்பதனைத் தடை செய்தது. ஒரு காட்டுச்செடியைக் காப்பதற்கென்று ஐரோப்பாவில் இயற்றப்பட்ட மிகப் பழைய சட்டங்களுள் இஃது ஒன்று. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவிலும் இம்மலரைக் காக்கும் சட்டம் பிறந்தது.

ஆயினும், நெடுமலைச் சரிவு முழுவதற்கும் காவலர் நிறுத்த இயலுமா? பொருள் கொடுத்து வாங்குவோர் இருக்கும் வரையில் பறித்து விற்போரும் இருப்பர் அன்றோ? இதனை நன்குணர்ந்தவர் ஆன்ரி கொரெவோன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர். 1854-ஆம் ஆண்டில் பிறந்த இவர், ஆல்ப்ஸ் மலைச்செடிகளிடம் பெரும் பற்றுக் கொண்டிருந்தார். 1883-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் செடிகளைக் காக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டே அந்நகரில் மலைச்செடித் தோட்டம் ஒன்றையும் அமைத்தார்.

கொரெவோன் கண்ட வழி எளியது. மக்கள் மலைச்செடியை விரும்புகின்றனர், அவ்விருப்பத்தைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. ஆனால், அவர்கள் விரும்பும் செடியை மலையிலிருந்து பெயர்த்துத் தருவதற்கு மாறாக, விதையிலிருந்து வளர்த்துத் தரலாம். ஒரு செடியைப் பெயர்த்தால் மலையில் ஒன்று குறையும்; அதே செடியிலிருந்து ஒரு சிட்டிகை விதை எடுத்தால் தோட்டத்தில் நூறு செடிகள் வளரும்; மலையிலோ ஒன்றும் குறையாது. விதையிலிருந்து தோட்டத்திலேயே வளர்ந்த செடி, பெயர்த்து நட்ட செடியைப் போல வாடுவதுமில்லை. இக்கருத்தை அவர் நூல்கள் வாயிலாகவும் பரப்பினார்; 1939-ஆம் ஆண்டில் மறையும் வரை இப்பணியைக் கைவிடவில்லை. பேராசை பறிக்கும் இடத்தில் பொறுமை விதைக்கும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

பாறைத் தோட்டம்

மலைச்செடிகளை வளர்ப்பதற்கென்றே அமைந்தது பாறைத் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது பெரிதும் பரவிற்று. லண்டன் மாநகரை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் 1882-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பாறைத் தோட்டம் புகழ்பெற்றது. அழகுக்காகக் கற்களைக் குவித்து வைப்பதன்று பாறைத் தோட்டம். மலையின் தன்மையைச் சமவெளியில் ஆக்கிக் காட்டுவதே அதன் நோக்கம்.

முதலில் கல்லும் உடைந்த செங்கல்லும் அடியில் பரப்பப்படும். மழைநீர் விரைந்து வடிவதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. அதன் மேல் மண்ணோடு மணலும் சரளையும் கலந்து இடுவர். பெரிய கற்களை மேட்டின் உட்புறம் சற்றே சாயுமாறு பாதிக்கு மேல் புதைத்து வைப்பர். அங்ஙனம் வைத்தால், கல்லின் மேல் விழும் மழைநீர் பின்னோக்கி வழிந்து செடியின் வேரைச் சென்றடையும். வெயில் காயும்போது கல்லின் மேற்புறம் சுடும். அடிப்புறமோ குளிர்ந்து ஈரமாயிருக்கும். வேர் அந்த ஈரத்தை நாடிக் கல்லுக்கு அடியில் ஆழ ஓடும். செடியின் கழுத்தைச் சுற்றிச் சிறு கற்களைப் பரப்புவர். அங்கே நீர் தேங்கினால் அழுகல் நோய் வரும்.

எடல்வைஸின் விதையை மண்ணுக்குள் ஆழப் புதைத்தல் ஆகாது. அது முளைப்பதற்கு ஒளி வேண்டும். மண்ணின் மேல் தூவி இலேசாக அழுத்திவிடுதலே போதும். விதை சில வாரங்கள் குளிரில் கிடந்த பின்னரே நன்கு முளைக்கும். ஆதலால், குளிர்காலத்திலேயே விதைத்து வெளியில் வைத்துவிடுவர். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் செடி பூக்கும்.

கடுங்குளிரைத் தாங்கும் இச்செடியால் தாங்க இயலாதவை இரண்டு. ஒன்று, வேரடியில் தேங்கும் நீர். மற்றொன்று, மிகுந்த உரம். கொழுத்த மண்ணில் நட்டு, எருவிட்டு, நாள்தோறும் நீர் ஊற்றி வளர்த்தால் எடல்வைஸ் நன்றாகத்தான் வளரும், தண்டு நீளும், இலை பெருக்கும். ஆனால், அதன் வெண்மயிர்ப் போர்வை மெலிந்துவிடும். மலர் தன் தூய வெண்மையை இழந்து, சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய நிறம் கொள்ளும். நீண்ட தண்டு காற்றில் சாயும். செடியின் வாழ்நாளும் குறையும். சுண்ணாம்பும் சரளையும் கலந்த வறிய மண்ணில், முழு வெயிலில் நின்றால்தான் அது குட்டையாய், உறுதியாய், பெயருக்கேற்ற வெண்மையோடு விளங்கும். செடியைப் பேணுவோர்க்கு மட்டுமன்றி, மக்களைப் பேணுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இன்றைய நிலை

எடல்வைஸ் இன்று அழிந்துவிடவில்லை. ஆல்ப்ஸ் நாடுகள் பலவற்றில் சட்டம் அதனைக் காக்கிறது. அதைப் பறிப்பது இழிவு என்னும் உணர்வு மக்களிடையே வேரூன்றியுள்ளது. மலையேறுவோர் அதனைக் கண்டால் நின்று பார்த்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். மனிதர் எளிதில் செல்லும் சரிவுகளில் மட்டும் அது இன்றும் அரிதாகவே காணப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் உழவர்கள் எடல்வைஸை வயல்களில் பயிரிடுகின்றனர். அதன் சாறு முகப்பூச்சு முதலியன செய்யப் பயன்படுகிறது. வயலில் விளைவதனால் மலையில் பறிக்கும் தேவை இல்லாமற்போயிற்று. கொரெவோன் காட்டிய வழி தோட்டத்தைக் கடந்து கழனிக்கும் வந்துவிட்டது எனலாம்.

ஆஸ்திரியா நாடு தன் இரண்டு சென்ட் நாணயத்தில் இம்மலரைப் பொறித்துள்ளது. சுவிட்சர்லாந்தின் படைத்தளபதிகள், பிற நாட்டுத் தளபதிகள் விண்மீன் அணியும் இடத்தில் எடல்வைஸ் சின்னத்தை அணிகின்றனர். 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க இசை நாடகம் ஒன்றிற்காக இம்மலரைப் பற்றி இயற்றப்பட்ட பாட்டு, ஆஸ்திரிய நாட்டுப் பழம்பாடல் என்று பலரும் நம்பும் அளவிற்கு உலகெங்கும் பரவியுள்ளது.

எனினும், கவலை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. உலகம் வெப்பமடைந்து வருவதனால் மலைச்செடிகளின் வாழ்வு மாறி வருகிறது. ஐரோப்பாவின் 302 மலைமுடிகளில் 145 ஆண்டுக் காலமாகத் திரட்டிய குறிப்புகளை ஒப்பிட்ட அறிஞர் குழுவொன்று, தன் முடிவை 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தாழ்ந்த இடங்களில் வாழ்ந்த செடிகள் வெம்மை மிக மிக மேல்நோக்கிக் குடிபெயர்கின்றன. 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் முடிகளுக்கு வந்து சேர்ந்த புதுச்செடி வகைகள், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அதேபோன்ற காலத்தில் வந்தவற்றைவிட ஐந்து மடங்கு என்று அவர்கள் கண்டனர். உயர்ந்து விரைந்து வளரும் அப்புதியவை நிழல் பரப்பினால், குட்டையாய் மெல்ல வளரும் மலைச்செடிகளுக்கு இடமும் ஒளியும் குறையும். அவையும் மேலே ஏறிச் செல்லலாம். ஆனால் மலைக்கு ஒரு முடிவு உண்டு. முடியைத் தாண்டி ஏறுவதற்கு இடமில்லை.

வேரோடு பறித்த கையைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. தொலைவிலுள்ள நகரங்களின் புகையால் வரும் வெம்மையை ஒரு மாநிலத்தின் சட்டம் தடுத்துவிடாது. அதற்கு உலக மக்கள் அனைவரும் கூடி முயலவேண்டும். நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒன்று கூடித்தானே ஒரு வெண்மலராக விளங்குகின்றன!

ஒரு பொருளை விரும்புவோன் அதனைக் கைக்கொள்ளவே முதலில் விழைகிறான். அறிவு முதிர்ந்தபின், அது இருக்கும் இடத்திலேயே அதனை வாழவிட்டு மகிழ்கிறான். ஒரு காலத்தில் எடல்வைஸைப் பறித்து வந்தவன் வீரன் எனப்பட்டான். இன்று அதனைக் கண்டும் பறியாமல் திரும்புகின்றவனே அம்மலரின் மேன்மையை அறிந்தவன் ஆவான்.